தொட்டாலே வலிக்கிறது என்றாய்

புது தில்லி
11.2.2001

அண்ணனுக்கு,

ஸ்வர்ணலதா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே வைத்துவிடுவாய் என்று பயந்து, அறைத்தோழியிடம் கொடுத்து முகவரியை இங்கிலீஷில் எழுத வைத்தேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

நாம் பேசி இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. அப்பாவின் திதிக்கு நான் ஆரணி பக்கம் நம் சேவூர் வீட்டுக்கு வந்திருந்தேன். படையல் முடிந்து எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தரிக்கோல் தேடி உன் நூல் பெட்டியைத் திறந்த எனக்கு அடியில் உடைத்த ஊசி மருந்துக் குப்பிகள் கிடைத்தன. எண்ண முடியாத அளவு இருந்தன. நீ இடுப்பு வலி தாங்கவில்லை என்றாய். “எங்க?” என்று கேட்டு நான் ஒரு விரலால் தொட்டேன். அழுத்தக்கூட இல்லை. நீ அலறினாய்.

அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. “இப்படி தொட்டா யாருக்கும் வலிக்காது. ஊசி வேணும்னு நடிக்கிற. நான் வலியைப் பத்திதான் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?” அத்தனை பேரும் கையைச் சோற்றில் வைத்தபடி உன்னைப் பார்த்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில், உன் ஊசி மருந்தின் வகையைச் சேர்ந்த மார்ஃபின் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும்படி சில எலிகளின் தோலுக்கடியில் மருந்து வைத்தோம். அந்த எலிகளுக்குக் காயம் இல்லை, வீக்கம் இல்லை. கம்பி வலைமேல் நிற்கவிட்டு, அடியிலிருந்து நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்போம். முதல் நாள் தடித்த இழைக்கும் அசையாமல் நின்ற எலி, ஏழாம் நாள் தலைமுடி போன்ற இழை பட்டதும் காலை உதறி உதறி நக்கியது. மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே! வலியை அடக்க வேண்டிய மருந்தே தொடுவதை வலியாக்கிவிட்டது.

இழையைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் இடுப்பும் என் விரலும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அண்ணா, நீ நடிக்கவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எல்லார் முன்னாலும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டும் என்று இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை,
ஸ்வர்ணலதா


சேவூர்
4.3.2001

ஸ்வர்ணலதாவுக்கு,

கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. முதல் நாள் படித்துவிட்டுக் கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை.

எலி காலை உதறியது, நம்பிவிட்டாய். உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் வாய்விட்டுக் கத்தினேன், நம்பவில்லை. எலிக்குப் பேச்சு வராது என்பதால் அது பொய் சொல்லாது என்று வைத்துக்கொண்டாயா?

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். நீ ரயில் ஏறிய மறு வாரமே உன் அண்ணி திலகத்தின் அண்ணன் சின்னதுரை கலசப்பாக்கத்திலிருந்து வந்தான். என் பக்கம் திரும்பாமல் “கிளம்புமா” என்றான். திலகம் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு போனாள். இன்றுவரை வரவில்லை. யார் என்ன சொல்லி அவன் வந்தான் என்று எனக்குத் தெரியாது. நீ போட்ட கூச்சல் கலசப்பாக்கம் வரை கேட்டிருக்கும்.

தறியில் ஏற்றிய ஒரே பாவு நூல் நாலு மாதமாக நெய்யாமல் நிற்கிறது. ஊசி ஒரு நாளைக்கு ஆறு, சில நாள் ஏழு. தொடை இரண்டும் பலகை போல இறுகிவிட்டன, ஊசி இறங்காது. இப்போது கையில். இடது கை மேல்பக்கம் ஆறாத புண் ஒன்று இருக்கிறது. சட்டைத் துணி உரசினாலும் முதுகு எரிகிறது. இதையும் உன் நோட்டில் குறித்துக்கொள்.

நீ மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். எனக்கு அதனால் ஆவது ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் சொல். அந்த எலிகளுக்கு மருந்தை நிறுத்தினீர்களா? நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று?

சம்பந்தம்


புது தில்லி
14.3.2001

அண்ணனுக்கு,

நிறுத்தினோம். முதலில் மோசமானது. சில எலிகள் நடுங்கின, தீனி எடுக்கவில்லை. பிறகு நாளுக்கு நாள் மாறியது. இரண்டு வாரம் கழித்துத் தொட்டபோது மருந்து வைப்பதற்கு முன்னால் போலவே தடித்த இழைக்குத்தான் காலை எடுத்தன. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்திலிருந்தே எழுதுகிறேன்.

எலி பொய் சொல்லாது என்பதால் நம்பினாயா என்று கேட்டாய். ஆமாம், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வாயால் சொல்வதை நம்பாதே, கால் எத்தனை நொடியில் நகர்கிறது என்று பார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வலி கீழிருந்து மூளைக்குப் போவது மட்டும் இல்லை. மூளையிலிருந்தும் ஒரு உத்தரவு கீழே இறங்குகிறது. நடுமூளையில் ஒரு சின்னக் கால்வாயைச் சுற்றிச் சாம்பல் நிறப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே கிளம்பும் உத்தரவு மூளையின் அடித்தண்டுக்கு வந்து, அங்கிருந்து முதுகுத்தண்டுக்குப் போகிறது. அடித்தண்டில் இரண்டு வகைச் செல்கள். ஒரு வகை, வரும் வலியை அடக்கும். இன்னொரு வகை அதைப் பெருக்கும். தறியில் காலால் அழுத்த இரண்டு மிதி இருக்குமே, அப்படி. அபின் வகை மருந்து எதுவானாலும் அடக்கும் மிதியை அழுத்துகிறது. நீ போடுவதும் அந்தக் குடும்பத்து மருந்துதான். உடம்பு தானாகவே அதே போன்ற ஒன்றைச் சுரந்து அதே மிதியை அழுத்தவும் செய்யும்.

காலில் வீக்கம் புதிதாக வந்த எலிக்குக் கொஞ்சம் மார்ஃபினே போதுமாக இருக்கிறது. வீக்கத்தை எதிர்த்து மூளை ஏற்கெனவே அடக்கப் பார்த்துக்கொண்டிருக்கும், மருந்து அதனோடு சேர்ந்துகொள்ளும். முதல் ஊசி போட்ட அன்று சொர்க்கம் மாதிரி இருந்தது என்று அண்ணியிடம் சொன்னாயாமே, அது இதனால்கூட இருக்கலாம். ஆனால் தினமும் அழுத்திக்கொண்டே இருந்தால் அடக்கும் பக்கம் தளர்கிறது. பெருக்கும் பக்கம் விழித்துக்கொள்கிறது. அப்போது அளவைக் கூட்டுகிறோம், அது இன்னும் விழிக்கிறது. ஆறாத வீக்கம் வேறு அடியில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆளை அடிக்கின்றன.

இது எலியில் பார்த்தது. மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. நானும் இனிமேல் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இந்த ஊசிக்கெல்லாம் முன்னால், முதன்முதலில், அந்த வலி எப்படி வந்தது? காலையில் எப்படி இருக்கும், வேலை செய்யும்போது எப்படி இருக்கும்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்.

ஸ்வர்ணா


சேவூர்
8.4.2001

ஸ்வர்ணாவுக்கு,

மிதி உதாரணம் தப்பு. தறியில் ஒன்றை அழுத்தினால் மற்றது எழும். எத்தனை வருஷம் மிதித்தாலும் எந்த மிதியும் தளராது, விழிக்கவும் விழிக்காது. தளர்வது மிதிக்கிறவன் கால். தில்லிக்குப் போய் தறியை மறந்துவிட்டாய். ஆனால் நீ சொல்ல வந்தது புரிந்தது.

நீ கேட்டதற்குப் பதில். இருபத்துநாலு வயசில் ஆரம்பம். காலையில் பாயை விட்டு எழ முடியாது. இடுப்பில் கட்டையை வைத்துக் கட்டிய மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்து எழுந்து ஒரு மணி நேரம் குனிந்தே நடப்பேன். எப்படியோ தறிக் குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிடும். மதியம் ஒரு மணி நேரம் படுத்தால் போச்சு, திரும்பக் கட்டை. இரண்டு டாக்டர் பார்த்தார்கள். “தறிக்காரங்களுக்கு வர்ற இடுப்பு வலிதான், ரெஸ்ட் எடு” என்றார்கள். ரெஸ்ட் எடுக்க எடுக்க மோசம். தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். “வேல செஞ்சா வலிக்கலயாம், சும்மா இருந்தாதான் வலிக்குதாம். இன்னாடா வலி இது, நல்லா இருக்குதே!” அதிலிருந்து யாரிடமும் சொல்வதை விட்டேன். நீ அன்று சொன்னபோது எனக்குப் புதிதாக இல்லை. உன் வாயால் வந்ததுதான் புதிது.

மருந்துக்கடை வீரபாகுவை நீ மனசில் திட்டிக்கொண்டிருப்பாய். அவன் கெட்டவன் இல்லை. ஒரு கல்யாணப் புடவை முகூர்த்தத்துக்குள் நெய்து இறக்கியாக வேண்டும், நான் அவன் கடை வாசலில் நிமிர முடியாமல் நின்றேன். “நீ படற பேஜாரு என்னால பார்க்க முடியல” என்று சொல்லித்தான் முதல் ஊசி போட்டான். பத்து நிமிஷத்தில் நேராக நின்றேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. அன்று முழுக்க நெய்தேன். அந்த ஒரு நாளைத் தேடித்தான் மற்ற எல்லா ஊசியும். அது திரும்ப வரவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வேலூர் வரை போனேன். நீ சொல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவது அதுதான் என்று தெரியும். ஆஸ்பத்திரி கேட் எதிரே டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே போனால் ஊசியைப் பிடுங்கிவிடுவார்கள். ஊசியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வலி மட்டும்தான் ஸ்வர்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

எலிகள் முதலில் மோசமாயின என்றாயே, எவ்வளவு மோசம்? எனக்காகக் குறைத்துச் சொல்லாதே.

சம்பந்தம்


புது தில்லி
19.4.2001

அண்ணா,

குறைத்துச் சொல்ல மாட்டேன். வலி முதலில் கூடும். உன் பழைய வலியைவிடவும் கூடலாம். தூக்கம் வராது, வயிறு போகும், உடம்பு நடுங்கும், யாரைப் பார்த்தாலும் கோபம் வரும். இத்தனை நாளில் தீரும் என்று என்னால் தேதி சொல்ல முடியாது. ஒரேயடியாகப் பிடுங்க மாட்டார்கள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள்.

ஆனால் நீ எழுதிய காலை நேரத்தை இங்கே எங்கள் கல்லூரியின் மூட்டு டாக்டர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தி, “ஓய்வெடுத்தால் கூடுகிறது, வேலை செய்தால் குறைகிறது என்றா எழுதியிருக்கிறார்?” என்று கேட்டார். அது தறியால் வந்த இடுப்பு வலி இல்லையாம். முதுகெலும்பின் மூட்டுகளே உள்ளுக்குள் வீங்கும் வியாதி ஒன்று இருக்கிறது. இளம் வயசு ஆண்களுக்கு வரும். அதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, முக்கியமாக உடற்பயிற்சி இருக்கிறது. தெரு சிரித்ததே, அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் டாக்டர்கள் அதைக் கண்டுபிடிப்பார்களாம். நீ சொன்னது அத்தனையும் சரி. கேட்டவர்கள்தான் சரியில்லை, நானும் அதில் ஒருத்தி.

மே பதினாலாம் தேதி காலை காட்பாடியில் இறங்குகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் லீவு. நீ ஆஸ்பத்திரிக்குள் வராவிட்டால் அந்த டீக்கடையில் உன்னோடு உட்கார்ந்திருப்பேன்.

ஸ்வர்ணா


வேலூர்
26.6.2001

ஸ்வர்ணாவுக்கு,

வார்டிலிருந்து எழுதுகிறேன். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீ போய்ப் பத்து நாள் ஆகிறது. நீ இருந்தபோது வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று பேப்பர் வாங்கி வந்தேன். எழுதவும் சுலபமாக இல்லை.

வார்டில் சேர்ந்த ஆறாம் நாள் உன்னை நான் பேசியது எல்லாம் எனக்கு நினைவு இருக்கிறது. மயக்கத்தில் பேசினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். “எலிய கொல்றவளே, என்னையும் கொல்ல வந்தியா” என்றேன். அப்பா சாவுக்குக்கூட நீ பரீட்சை முடித்துத்தான் வந்தாய் என்றேன். நீ வாளியை எடுத்துக்கொண்டு கழுவப் போனாய். திரும்பி வந்தபோது உன் முகம் கழுவியிருந்தது. பக்கத்துக் கட்டில் ரங்கசாமி அப்புறம் என்னிடம் சொன்னார், “ஒன் தங்கச்சி அங்க வராண்டாவுல நின்னுகினு அயுதுச்சிபா.” எனக்குத் தெரியும் என்றேன்.

நீ என்னைத் தொடவே இல்லை, கவனித்தேன். ஒரு மாதம் பக்கத்திலேயே இருந்து, போர்வையைக்கூட என் மேல் படாமல் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாய். எழுப்ப வேண்டும் என்றால் கட்டில் கம்பியைத் தட்டினாய். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, “தோள்ல கை வெக்கலாமாண்ணா?” என்று கேட்டாயே. நான் தலையை ஆட்டினேன். வைத்தாய். வலித்தது ஸ்வர்ணா, ஆனால் பொறுத்துக்கொள்ளும் வலி. கையை எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை.

டாக்டர் சாவித்திரி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பும் முதுகும் சேரும் மூட்டு இரண்டு பக்கமும் மூடிக்கொண்டிருக்கிறது. “பன்னெண்டு வருஷமா இதோட தறியில உக்காந்தீங்களா?” என்றார். அவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார், சந்தேகப்பட்டு இல்லை. எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் வெறும் என் வார்த்தையாக இருந்தது அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது.

வீக்கத்துக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். காலையும் மாலையும் பயிற்சி. உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். கடைசி ஊசி போட்டுப் பன்னிரண்டு நாள். வலி போகவில்லை. ஆனால் சட்டை போட்டுக்கொள்கிறேன். சட்டை உரசினால் அது சட்டை உரசுவதாக மட்டும் இருக்கிறது. இதை உனக்குச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன்.

அண்ணன்,
சம்பந்தம்


புது தில்லி
15.7.2001

அன்புள்ள அண்ணா,

சட்டை பற்றி நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் பேராசிரியருக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு, “இதுவரை நம் எலி எதுவும் நமக்கு இதைச் சொன்னதில்லை” என்றார்.

நீ ஆறாம் நாள் சொன்னதை நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பா விஷயத்தில் நீ சொன்னது உண்மைதான்.

இன்னொன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே சொல்ல நினைத்தேன். உன் உடம்பு தாங்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது நீ திடமாக இருக்கிறாய், சொல்லாமல் இருந்தால் அது களவு.

1998இல் சின்னதுரையை வரவழைத்தது நான்தான். ரயிலில் உட்கார்ந்து கார்டு எழுதி, விஜயவாடாவில் தபால் பெட்டியில் போட்டேன். “என் அண்ணன் ஊசிக்கு அடிமையாகிவிட்டான், வலி என்று சொல்வதெல்லாம் நடிப்பு, உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று எழுதினேன். அண்ணியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். அதோடு, அவள் போய்விட்டால் நீ பயந்து ஊசியை விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீ விடவில்லை. தனியாகக் கிடந்து இன்னும் அதிகமாகப் போட்டுக்கொண்டாய்.

முதல் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டபோதே இதையும் எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

ஸ்வர்ணா


புது தில்லி
2.11.2001

அண்ணா,

மூன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் இதற்குத் தகுதியானவள்தான். பதில் எழுத வேண்டாம். ஆனால் ஒரு வெறும் கார்டு போடு. அதில் எதுவும் எழுத வேண்டாம், முகவரி மட்டும் உன் கையெழுத்தில் இருந்தால் போதும். நீ ஊசிக்குத் திரும்பவில்லை என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். திரும்பியிருந்தாலும் கார்டு போடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரயில் ஏறி வருவேன்.

ஸ்வர்ணா


சேவூர்
20.1.2002

அன்புள்ள ஸ்வர்ணாவுக்கு,

வெறும் கார்டு அனுப்பினேன், கிடைத்திருக்கும். அதற்கு மேல் எழுத அப்போது கை வரவில்லை. பொங்கல் முடிந்து வீடு அடங்கியிருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்று சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வீரபாகு கடைக்குத்தான் போனேன். உன்மேல் கோபம். ஊசி போட்டு உனக்குக் கடிதம் எழுத வேண்டும், “உன்னால்தான் மறுபடி ஆரம்பித்தேன்” என்று. வார்த்தைகளைக்கூட வழியில் அடுக்கிக்கொண்டு போனேன். வீரபாகு என் முகத்தைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். கேட்கக்கூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, “ஒரு சுருள் பஞ்சு குடு” என்றேன். “பஞ்சு மட்டுமா?” என்றான். “பஞ்சு மட்டும்தான். அத உள்ள வை, ஜல்தி” என்றேன். அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. மாத்திரையை பஜாரில் வேறு கடையில் வாங்குகிறேன்.

கோபம் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. நீ அந்தக் கார்டை எழுதாமல் இருந்திருந்தால் திலகம் இங்கே இருந்திருப்பாள், நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன் என்று நினைத்து நினைத்து வளர்த்தேன். காலையில் பயிற்சி செய்யும்போது அதைத்தான் நினைப்பேன். கோபத்தில் நன்றாகவே குனிய முடிந்தது. ஆனால் டிசம்பரில் தறியில் அந்தப் பழைய பாவை முடித்துப் புடவையை இறக்கினேன். அரை மணி நேரம் நெய்வது, எழுந்து நடப்பது, மறுபடி அரை மணி நேரம். ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு நான் நெய்து முடித்த முதல் புடவை. அதைக் காட்ட வீட்டில் யாரும் இல்லை. அப்போதுதான், இத்தனை நாள் உன்னைத் திட்டிக்கொண்டு கலசப்பாக்கம் போகாமல் இருந்தது நான்தானே என்று தோன்றியது.

காணும் பொங்கல் அன்று போனேன். சின்னதுரை வாசலில் இருந்தான். சட்டைக் கையை மடித்து இரண்டு கையையும் அவனிடம் காட்டினேன். தழும்பு இருக்கிறது, புதுப் புண் இல்லை. அவன் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க மாப்ள” என்றான். திலகம் தையல் மிஷினில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. மிதிப்பதையும் நிறுத்தவில்லை.

நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தபடி, “ஸ்வர்ணாதான் கார்டு எழுதினாளாம். அதனாலதான் ஒன்ன இட்டுகினு வந்துட்டாங்க. அவ இப்ப மன்னிப்பு கேக்கறா” என்றேன்.

மிஷினை நிறுத்தினாள். “அந்தக் கார்டா? அண்ணன் எனக்குப் படிச்சிக் காட்டிச்சு. அதனால நான் வந்தேன்னு நெனச்சிகினு இருக்கீங்களா?”

“பின்ன?”

“ஒங்க கைக்கு எட்டாத எடத்துல எல்லாம் யாருங்க ஊசி குத்தினது? நான்தானே. தொடைல எறங்கலன்னா, ‘தோள்ல போடு திலகா’ன்னு சொல்வீங்க. கல்லுல குத்தற மாதிரி இருக்கும். நீங்க பல்லக் கடிச்சிகினு இருப்பீங்க. கடசில ஒரு நாளு குத்திட்டு, என் கையப் பார்த்தேன். இதே கையாலதான ஒங்களுக்குச் சோறும் போடறேன்னு நெனச்சேன். என்னால முடியலங்க. போடலன்னா நீங்க துடிக்கிறதையும் பார்க்க முடியல. யாரு வந்து கூப்ட்டிருந்தாலும் வந்திருப்பேன். நீங்க நடிச்சீங்கன்னு நான் ஒரு நாளும் நெனக்கல.”

ஸ்வர்ணா, உனக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவள் போனதற்கு உன் கார்டு காரணம் இல்லை. நீ எழுதியது தப்புதான். ஆனால் மூன்று வருஷமாக நீ சுமந்தது உன் சுமை இல்லை. அது எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வலி இருந்தது, நான் என்னுடையதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “இப்ப யாரும் ஊசி குத்த வேணாம். காலைல பயிற்சி செய்யும்போது முதுகு நேரா இருக்குதான்னு பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்ல” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு ரவிக்கைத் துணியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மிஷினுக்கு உறை போட்டாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். காணும் பொங்கல் கூட்டம். எனக்கு மட்டும் சீட்டு கிடைத்தது, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போளூர் வருவதற்குள் இடுப்பு இறுகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் நான் எழுந்த விதத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “எறங்குங்க, நடக்கலாம்” என்றாள். இறங்கி பஸ்ஸைச் சுற்றி நடந்தோம். முதல் சுற்றில் நான் குனிந்துதான் நடந்தேன். இரண்டாவதில் கொஞ்சம் நிமிர்ந்தேன். கரும்புச்சாறு விற்கிறவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அழுத்தாமல்.

கண்டக்டர் விசில் அடித்து, “ஆரணி, ஆரணி! ஏறுங்க, டைம் ஆயிடுச்சி” என்று கத்தினார்.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணா,” என்றாள் திலகம். “அவருக்கு இன்னும் ஒரு சுத்து இருக்குது.”

அன்புடன்,
சம்பந்தம்